முறையீட்டேடு: 'கையே த தொலேயான்ஸ்' என்பதற்குத் தமிழ்

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இல், மே 5 அன்று, வெர்சாயில் எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடியது. குருமார், பிரபுக்கள், மற்ற எல்லாரும் அடங்கிய மூன்றாம் எஸ்டேட் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் கூடும் பிரெஞ்சுப் பேரவை அது. அதற்கு வந்த பிரதிநிதிகள், தங்களைத் தேர்ந்தெடுத்த மன்றங்கள் எழுதிக் கொடுத்த ஏடுகளோடு வந்தார்கள். அந்த ஏட்டுக்குப் பிரெஞ்சில் 'கையே த தொலேயான்ஸ்' என்று பெயர். தமிழில் இதைக் 'கோரிக்கை மனு' என்றோ 'குறைப்பட்டியல்' என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். இரண்டுமே பொருந்தவில்லை. ஏன் என்பது, அந்த ஏடு எப்படி உருவானது என்று பார்த்தால்தான் விளங்கும்.

'கையே' லத்தீன் 'குவாத்தெர்னி'யிலிருந்து வந்தது. 'நந்நான்காக' என்று பொருள். நான்கு தாளை ஒன்றாக மடித்துச் சேர்த்த கட்டுக்கு முதலில் அந்தப் பெயர். இன்று பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டும் கையேதான். 'தொலேயான்ஸ்' என்பதன் வேர் 'தோலேரே' என்ற லத்தீன் வினை: வலியால் துடித்தல், துயருறுதல். பன்மையில் வரும்போது, துயரைச் சொல்லி நியாயம் கேட்பது என்ற பொருள் ஏறுகிறது. பல ஏடுகளின் முகப்பில் இது தனியாக வராது. தொலேயான்ஸ், பிளேந்த், ரெமோந்திரான்ஸ் என்று மூன்று சொற்கள் அடுக்கி வரும்: குறை, புகார், எடுத்துரைப்பு. மூன்றாவது சொல்லுக்குத் தனி எடை உண்டு. பார்லமான் எனப்பட்ட உயர் நீதிமன்றங்கள், அரசாணையைப் பதிவுசெய்யத் தயங்கும்போது மன்னருக்கு எழுதிய ஆட்சேபத்துக்கும் அதே பெயர்தான். கிராமத்து ஏட்டின் தலைப்பில் அது இடம்பெற்றதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஏடு புரட்சிக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. எஸ்டேட்ஸ் ஜெனரல் கூடும்போதெல்லாம் ஏடு எழுதுவது பழைய வழக்கம். கடைசியாகக் கூடியது 1614இல். பிறகு ஒன்றே முக்கால் நூற்றாண்டு கூடவே இல்லை. கடன் கழுத்தை நெரித்ததால் மன்னர் 16ஆம் லூயி 1788 ஆகஸ்ட் 8 அன்று அதைக் கூட்டுவதாக அறிவித்தார். அடுத்த சில நாட்களிலேயே கருவூலம் பணம் கொடுப்பதை ஓரளவு நிறுத்தவும் நேர்ந்தது. எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி எழுதுவது என்ற விதிகள் 1789 ஜனவரி 24 அன்று வெளிவந்தன.

விதிகள் துல்லியமானவை. அறிவிப்பைப் பாதிரியார் ஞாயிறு பூசையில் வாசிப்பார். மணி அடித்து ஊரைக் கூட்டுவார்கள். 25 வயது நிறைந்து, வரிப்பதிவேட்டில் பெயர் உள்ள ஆண்கள் வரலாம். தலைமை வகிப்பவர் உள்ளூர் நீதிபதி அல்லது அவர் இடத்தில் வேறோர் அலுவலர். ஏடு எழுதி முடிந்ததும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 200 வீடு வரை உள்ள ஊருக்கு 2 பேர், 200ஐத் தாண்டினால் 3, 300ஐத் தாண்டினால் 4, இப்படி ஏறும். வீடு என்று இங்கே சொல்வது அடுப்பை; எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடும்பம் என்பது அக்காலக் கணக்கு. நகரங்களில் தொழிற்குழுக்கள் தனித்தனியாகக் கூடின: கைவினைக் குழுவுக்கு 100 பேருக்கு ஒருவர், மற்றவர்களுக்கு 100 பேருக்கு இருவர். பாரிசுக்குத் தனி விதி. அங்கே 60 வட்டாரங்கள், 6 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) தலைவரி கட்டுபவருக்குத்தான் வாக்கு, கூட்டமும் ஏப்ரல் பிற்பகுதியில்தான்.

கிராம ஏடு அங்கேயே நின்றுவிடாது. பிரதிநிதிகள் அதை 'பயாஜ்' என்ற நீதி வட்டத்தின் தலைமையிடத்துக்குக் கொண்டுபோவார்கள். (தெற்கே இந்த வட்டத்துக்கு 'செனெஷோசே' என்று பெயர்.) அங்கே பொறுக்கி எடுத்த சிலர் உட்கார்ந்து எல்லா ஏடுகளையும் ஒன்றாக்கி மூன்றாம் எஸ்டேட்டுக்குப் பொது ஏடு எழுதுவார்கள். குருமார்களும் பிரபுக்களும் தம் தம் ஏட்டைத் தனியே எழுதினார்கள். வெர்சாய்க்குப் போனது இந்தப் பொது ஏடுதான். எல்லா மட்டங்களையும் சேர்த்தால் சுமார் 60,000 ஏடுகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஒரு கிராம ஏட்டின் உடற்கூற்றைப் பார்ப்போம். முதலில் நாள், இடம், தலைமை வகித்தவர். பிறகு மன்னருக்கு நன்றியும் விசுவாசமும். பிறகு எண்ணிட்ட கோரிக்கைகள். கடைசியில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களின் கையெழுத்து மட்டும். தெரியாதவர்கள் வந்திருந்தார்கள் என்பது கூட்டக் குறிப்பில்தான் இருக்கும். தலைமை வகித்தவர் பக்கங்களுக்கு எண் இட்டு, 'நே வரியேத்துர்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைப்பார். 'இனி மாற்றக் கூடாது' என்று பொருள். நடுவில் ஒரு தாளை உருவவும் முடியாது, செருகவும் முடியாது. வெறும் புலம்பலுக்கு இவ்வளவு பாதுகாப்பு யாரும் செய்வதில்லை. சட்டப் பத்திரத்துக்குத்தான் செய்வார்கள்.

உள்ளே என்ன இருந்தது? உப்பும் புறாவும். 'காபெல்' என்ற உப்பு வரி ஊருக்கு ஊர் வேறு. பிரித்தானி மாகாணத்துக்கு விலக்கு; 'பெரிய காபெல்' பகுதியிலோ 8 வயதுக்கு மேற்பட்ட 14 பேருக்கு ஆண்டுக்கு 1 மினோ, அதாவது சுமார் 49 கிலோ உப்பு, கட்டாயமாக வாங்கியாக வேண்டும். அதைச் சமையலுக்கும் உணவு மேசைக்கும்தான் பயன்படுத்தலாம். பன்றி இறைச்சியை உப்பிட்டு வைக்க அதே உப்பை எடுத்தால் குற்றம். அதற்குத் தனியாக வாங்க வேண்டும். பண்ணைப்பிரபுவின் புறாக்கூடு இன்னொரு தொல்லை. விதைத்த வயலில் புறாக்கள் இறங்கினாலும் குடியானவன் அவற்றைக் கொல்ல முடியாது. வேட்டையுரிமையும் பிரபுவுக்கே. விளைச்சலில் பங்கு கேட்கும் 'ஷாம்பார்', தேவாலயத்துக்கான பத்தில் ஒன்று, பிரபுவின் ஆலையிலேதான் மாவரைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவை அடுத்தடுத்து வரும். 1788 ஜூலை 13 ஆலங்கட்டி மழையில் பயிர் நாசமாகி, கடுங்குளிரும் சேர்ந்து, 1789 பிப்ரவரியில் பாரிசில் 4 பவுண்டு ரொட்டி பதினாலரை சூவுக்கு (20 சூ 1 லிவ்ர்) விற்ற காலத்தில் எழுதப்பட்டவை இவை. பசி வரிக்கு வரி தெரிகிறது.

இந்த ஏடுகளைப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில. பொது ஏட்டைக் குடியானவரின் குரல் என்று மேற்கோள் காட்டுவது முதல் தவறு. ஒன்றாக்கும் வேலையைச் செய்தவர்களில் பலர் வழக்கறிஞர்களும் அலுவலர்களும்; புறாவும் ஆலையும் சுருங்கி, அரசியல் சட்டமும் வரி ஒப்புதலும் மேலே ஏறின. குடியானவரைக் கேட்க வேண்டுமானால் கிராம ஏட்டுக்கே போக வேண்டும். அங்கும் கவனம் தேவை. கூட்டத்துக்குத் தலைமை வகித்த நீதிபதி பல ஊர்களில் பிரபுவால் நியமிக்கப்பட்டவர். அவர் எதிரில் பிரபுவைப் பற்றிப் பேசாத ஊரில் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேலும், மாதிரி ஏடுகள் கைக்குக் கை சுற்றின. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே வாக்கியம் வந்தால் அது மாதிரியிலிருந்து எடுத்தது. ஊரின் சொந்தக் குரல், மாதிரியில் இல்லாத வரியில் இருக்கும்: இடிந்த பாலம், வழக்கில் போன மேய்ச்சல் நிலம். முடியாட்சியை ஒழிக்கச் சொல்லும் குரலை இவற்றில் தேடுவதும் வீண். பெரும்பாலான ஏடுகளில் மன்னர் தந்தையாகவே நிற்கிறார்.

ஏடு வெறும் குறை சொல்வது மட்டும் அல்ல. பிரதிநிதிக்குக் கட்டளையும் அதுவே. ஏட்டில் இல்லாததை ஒப்புக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை என்று பலர் கைகட்டி நின்றார்கள். ஜூன் 17 அன்று மூன்றாம் எஸ்டேட் தன்னைத் தேசிய மன்றம் என்று அறிவித்த பிறகு இந்தக் கட்டு பெரிய முட்டுக்கட்டையானது. ஜூன் 23 அன்று மன்னர் அதைச் செல்லாது என்றார். ஜூலை 8 அன்று மன்றமும் அதைப் பொருட்படுத்தாமல் தள்ளியது. ஆனால் ஏடுகள் மறக்கப்படவில்லை. ஜூலை 27 அன்று கிளெர்மோன்-தொன்னேர் என்ற பிரதிநிதி அவற்றின் சாரத்தை மன்றத்தில் அறிக்கையாக வைத்தார். பிரபுக்களின் பழைய உரிமைகளை ஒழிக்க மன்றம் முடிவெடுத்த ஆகஸ்ட் 4 இரவுக்குப் பின் எழுதிய ஆணையின் 2ஆம் பிரிவு புறாக்கூட்டு உரிமையை ஒழித்தது. அடைத்து வைக்க வேண்டிய காலத்தில் வெளியே வரும் புறாவைத் தன் நிலத்தில் எவரும் கொல்லலாம் என்றது. 3ஆம் பிரிவு வேட்டையுரிமையை எடுத்துவிட்டது. கிராம ஏட்டிலிருந்து நேராக வந்த வரிகள் இவை.

இனித் தமிழ்ச் சொல். 'மனு' சரியில்லை: மனு தானாக எழுதிக் கொடுப்பது, இதையோ மன்னரே கேட்டு வாங்கினார். 'பட்டியல்' என்றால் கட்டளை விட்டுப்போகிறது, கூட்டமும் விட்டுப்போகிறது. 'குறையேடு' கேட்க நன்றாக இருக்கிறது. 'அரைகுறை ஏடு' என்று பொருள் கொள்ள இடம் தருவதால் அதையும் விட வேண்டியிருக்கிறது. 'முறையீட்டேடு' என்பதே என் தேர்வு. முறை என்பது நீதி. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்ற குறளில் அந்தப் பொருள் பளிச்சென்று நிற்கிறது. முறையிடுதல் என்றால் அந்த நீதியைக் கேட்டு நிற்பது. 'ஏடு' கையேவுக்கு அப்படியே பொருந்துகிறது. பதிவேடு, நாளேடு என்று பழகிய வழியும் இருக்கிறது. கட்டளைத் தன்மை மட்டும் இதில் வராது. அது தேவைப்படும் இடத்தில் 'ஊர்க் கட்டளையாக எழுதிய முறையீட்டேடு' என்று விரித்து எழுதலாம்.

மட்டத்தைக் காட்ட 'ஊர் முறையீட்டேடு', 'பொது முறையீட்டேடு' என்று பிரித்து எழுதுவது நல்லது. ஆண்டையும் முன்னால் சேர்க்க வேண்டும். எரிபொருள் வரி உயர்வை எதிர்த்துத் தொடங்கிய மஞ்சள் அங்கிப் போராட்டத்தின்போது, 2018–19 குளிர்காலத்தில், பிரான்சின் ஊர் மன்றங்களில் மக்கள் எழுதுவதற்கு வைத்த நோட்டுகளையும் பத்திரிகைகள் கையே த தொலேயான்ஸ் என்றே அழைத்தன. அவற்றுக்குக் கூட்டமும் இல்லை, பிரதிநிதியும் இல்லை, சுருக்கொப்பமும் இல்லை.