நூற்றுப்பத்தில் ஒரு நடுக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் என் மாமா வீட்டு ஷெட்டில் எழுபதுகளின் கடைசியில் வாங்கிய ஃபோர்டு கார்ட்டினா ஒன்று நிற்கிறது. போர்ட் எலிசபெத்தில் பூட்டிய வண்டி. கல்யாணத்துக்கும் காவடிக்கும் குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு அதில்தான் போயிருக்கிறோம். இன்றும் 90 கிலோமீட்டர் வேகம் வரை வழுக்கிக்கொண்டு ஓடும். 100ஐத் தாண்டினால் காலடியில் ஒரு அதிர்வு எழும். 110ல் உள்கண்ணாடியில் தெரியும் பின்வண்டி மங்கிப் போகும்.

“வீலை மூணு தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு. இனி என்னதான் செய்யறது?” என்றார் மாமா.

மூன்று முறை காசு கொடுத்தும் ஒருவரும் செய்யாத வேலை ஒன்று பாக்கி இருந்தது: அந்த அதிர்வு நொடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. பழைய காரில் சுழலும் பாகம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் சுழல்கிறது. அதிர்வின் எண்ணிக்கை தெரிந்தால் எந்தப் பாகம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கணக்கு சின்னதுதான். 110 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 30.6 மீட்டர். 13 இஞ்ச் ரிம்மில் மாட்டிய டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.9 மீட்டர் உருளும். ஆக, சக்கரம் நொடிக்கு 16 சுற்று. பின் அச்சில் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃப்பின் (டிஃபரென்ஷியல்) பல் விகிதம் 3.7, அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் குழாய் 3.7 சுற்று, என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் பக்கத்திலிருந்து டிஃப்புக்கு வரும் நீளமான குழாய், அதாவது ப்ராப் ஷாஃப்ட், நொடிக்குக் கிட்டத்தட்ட 60 சுற்று சுற்றுகிறது. நாலாவது கியர் நேரடி கியர் என்பதால் எஞ்சினும் அதே 60தான்.

இந்த இரண்டு எண்களையும் உடம்பே பிரித்துச் சொல்லிவிடும். 16 என்றால் குலுக்கல்: முன் சக்கரத்தில் இருந்தால் ஸ்டீயரிங் ஆடும், பின் சக்கரத்தில் இருந்தால் சீட் ஆடும். 60 என்றால் பாதத்தில் குறுகுறுப்பு, காதில் அடித்தொண்டை ரீங்காரம். மாமா வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. அப்போதே டயர்க்காரரிடம் போவதை நிறுத்தியிருக்கலாம்.

ஆனாலும் அளந்துவிடலாம் என்று என் பழைய போனில் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போட்டேன். ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருவது; போனுக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானியின் அளவைப் பிரித்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று படம் போட்டுக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, என்2 நெடுஞ்சாலையில் பாலிட்டோ பக்கம், இரண்டு புறமும் கரும்பு. மாமா ஓட்டினார். போனை சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் இறுகக் கட்டியிருந்தேன். பழைய ஸ்பீடோமீட்டரை நம்பாமல் ஜிபிஎஸ் வேகத்தையே எடுத்துக்கொண்டோம்.

படத்தில் 40 ஹெர்ட்ஸில் ஒரு முகடு.

எனக்குக் குழப்பம். 110ல் இந்தக் காரில் நொடிக்கு 40 சுற்று சுற்றுகிற பாகமே கிடையாது. மாமாவிடம் 100க்குக் குறைக்கச் சொன்னேன். முகடு கீழே இறங்குவதற்குப் பதிலாக 46க்கு ஏறியது! வேகம் குறையக் குறைய ஏறுகிற அதிர்வு எப்படி இருக்க முடியும்?

குற்றம் போனில். அது நொடிக்கு 100 முறைதான் அளவெடுக்கும். நொடிக்கு 100 முறை பார்க்கும் கண்ணுக்கு 50 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகத் தெரியும். அதற்கு மேலே உள்ளது மடிந்து கீழே விழும். 60 என்பது 100லிருந்து கழிந்து 40 ஆகத் தெரிகிறது, 54 என்பது 46 ஆக. சினிமாத் திரையில் முன்னே போகும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான். புதுப் போனை எடுத்து, அளவெடுக்கும் வேகத்தை முதலில் சரிபார்த்துவிட்டு மறுபடி ஓடினோம். 110ல் 60, 100ல் 54. ஷாஃப்டின் எண்ணேதான்.

இனி எஞ்சினா, ஷாஃப்டா? வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு ஏற்றினோம். ஷாஃப்ட் அசையாமல் நிற்க, எஞ்சின் மட்டும் நொடிக்கு 60 சுற்று. கண்ணாடி மங்கவில்லை. எஞ்சின் தப்பித்தது.

அப்புறம் ஷாஃப்டின் மூட்டுகள். பின் அச்சு மேடுபள்ளத்தில் ஏறி இறங்குவதால் குழாயின் முனைகளில் யுஜே கிராஸ் எனப்படும் சிலுவை மூட்டுகள் இருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் கார்டன் மூட்டு என்றும் சொல்வார்கள். இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும், மூட்டு கோணத்தில் மடங்கியிருந்தால் வெளியே போகும் சுழற்சி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 5 டிகிரி கோணத்துக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். முன் மூட்டு செய்யும் இந்தக் கோணலைப் பின் மூட்டு எதிர்த்திசையில் சமன்செய்துவிடும். அதற்கு இரண்டு கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும், சிலுவைகளைப் பிடிக்கும் குழாயின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இது தவறினால் வரும் அதிர்வு 60 அல்ல, 120. ஆண் பாடகரின் ஒரு கட்டை சுருதிக்குச் சற்றே கீழே கேட்கும் ரீங்காரம் அது. எங்கள் படத்தில் 120ல் ஒன்றுமில்லை. ஆகவே கோணம் சரி. ஒரு சுற்றுக்கு ஒரு அடி என்றால், ஷாஃப்டில் எங்கோ ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது.

எவ்வளவு கனம் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். குழாயின் ஆரம் 35 மில்லிமீட்டர். அதில் ஒரு பக்கம் 20 கிராம் மட்டும் அதிகம் என்று வையுங்கள். நொடிக்கு 60 சுற்றில் அந்த 20 கிராம் வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறத்தாழ 100 நியூட்டன். பத்து கிலோ அரிசி மூட்டையின் பாரம், நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு பக்கமாக. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 55 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டரை கிலோதான். கீழ்வேகத்தில் வண்டி அமைதியாக ஓடியதன் ரகசியம் இதுதான்.

வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி, எஞ்சினை அணைத்து, கீழே படுத்தேன். ஓடும் ஷாஃப்டுக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது; சிலுவை உடைந்தால் உயிர் போய்விடும். மூட்டுகளில் ஆட்டமில்லை, சிலுவை முனைகளை மூடும் கிண்ணங்களைச் சுற்றிச் செம்பொடி துரு இல்லை, ஷாஃப்டை நடுவில் தாங்கும் பேரிங்கின் ரப்பர் கிழியவில்லை. ஆனால் பின் முனைக்கு அருகே குழாயில் தீப்பெட்டி அளவில் துருப்பிடித்த ஒரு சதுரம், ஓரத்தில் பழைய வெல்டிங் தடம். ஆலையில் சமன் செய்வதற்காக ஒட்டிய இரும்புத் துண்டு விழுந்துவிட்டது. கடல்காற்று இத்தனை வருஷம் அந்த வெல்டிங்கைத் தின்றிருக்கும்.

உறுதிப்படுத்த, அந்த இடத்தில் ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் ஒன்றை, திருகுத் தலை சதுரத்தின் மேல் வருமாறு இறுக்கி ஓட்டிப் பார்த்தோம். முகடு பாதிக்கும் கீழே இறங்கியது. திருகை எதிர்ப்பக்கம் திருப்பியதும் முன்னைவிட மோசம். பிறகு ஷாஃப்டும் டிஃப்பும் சேரும் இரு விளிம்புகளிலும் பெயின்டால் அடையாளக் கோடு போட்டு ஷாஃப்டைக் கழற்றினோம். அந்தக் கோடு இல்லாமல் கழற்றினால், மாட்டும்போது ஷாஃப்ட் திசை மாறி 60 ஹெர்ட்ஸை மறுபடி விலைக்கு வாங்கலாம். பேலன்ஸ் பட்டறையில் இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றி, புதுத் துண்டு ஒன்றை வெல்டிங் செய்து கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு அதே சாலையில் 120 வரை கண்ணாடி தெளிவாக இருந்தது. போனில் 60ல் ஒன்றுமில்லை. 16ல் மட்டும் ஒரு சிறு மேடு, முன்பு பெரிய முகட்டுக்குப் பக்கத்தில் கண்ணில் படாதது. ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றதில் ஏதோ ஒரு பின் டயர் வட்டம் குலைந்திருக்கிறது; வட்டம் குலைந்த டயரை ஈயக் கட்டியால் சரிசெய்ய முடியாது. எந்த டயர் என்று பார்க்க, இந்தச் சனிக்கிழமை இரண்டையும் ஒவ்வொன்றாக முன்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.