பச்சிளங்குழந்தை வலிப்பு: சொல் விளக்கம்

பிறந்த 28 நாளுக்குள் வரும் வலிப்பை மருத்துவர்கள் ‘நியோநேட்டல் சீஷர்’ என்பார்கள். ‘சீஷர்’ என்பதன் அடிப்பொருள் பற்றிப் பிடிப்பது. தமிழில் பச்சிளங்குழந்தை வலிப்பு என்றாலே பொருள் முழுதாக வந்துவிடும்.

வலித்தல் என்றால் இழுத்தல். பாம்பன், மண்டபம் பக்கம் துடுப்பு வலித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைகால் தன் வசமில்லாமல் இழுப்பதால் வலிப்பு. பேச்சில் வெட்டு, பிட்ஸ், ஜன்னி என்றும் வரும். ஜன்னி, ‘சந்நிபாதம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. காய்ச்சல் பிதற்றலுக்கும் அதையே சொல்வதால் இங்கே பொருந்தாது. ‘இழுப்பு’ என்றால் மூச்சிரைப்பு என்றும் புரிந்துகொள்வார்கள். மருத்துவமனையில் வலிப்பு என்றே சொல்லுங்கள்.

ஆனால் பச்சைப்பிள்ளையிடம் அந்த இழுப்பே தெரியாமல் போகலாம். மூளையின் நரம்பு இணைப்புகள் இன்னும் முதிராததால், பெரியவர்களைப் போல உடம்பு முழுக்க விறைத்து உதறுவது அரிது. கண் ஒரு பக்கமாய்ச் செருகி நிற்கும். பால் இல்லாமலே வாய் சப்புக்கொட்டும். கால் சைக்கிள் மிதிப்பது போல அசையும். சில நேரம் மூச்சு நின்று உதடு நீலமாகும். ‘தூக்கத்தில் சிரிக்குது’ என்று வீட்டில் விட்டுவிடுவது இதனால்தான். ஒரு கை மட்டும் விட்டுவிட்டுத் துடிப்பதும், உடம்பு திடீரென விறைப்பதும் உண்டு.

சும்மா நடுங்கும் பிள்ளைகளும் உண்டு. நடுங்கும் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள். சாதாரண நடுக்கம் பிடித்ததும் நிற்கும். வலிப்பென்றால் உங்கள் விரலுக்குள்ளேயும் துடிப்பு தொடரும். பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும். சில வலிப்புகளை, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையில்தான் உறுதிசெய்ய முடியும்.

காரணங்களில் முதன்மையானது, பிரசவத்தையொட்டி மூளைக்கு ஆக்சிஜனும் ரத்தமும் போதாமல் போவது. பெரும்பாலும் முதல் நாளிலேயே வலிப்பு தொடங்கிவிடும். அடுத்து, ரத்தத்தில் சர்க்கரை குறைவது. எடை குறைந்த பிள்ளைகளும், சர்க்கரை நோயுள்ள தாய்மாரின் பிள்ளைகளும் இதில் அதிகம் சிக்குவார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சேனை வைப்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். கால்சியம் குறைவு, மூளைக்காய்ச்சல், மூளையில் ரத்தக்கசிவு, பிறவிக் குறைபாடு, அரிதாக வைட்டமின் பி6 சார்ந்த மரபணுக் கோளாறு என்று இன்னும் உண்டு. காரணத்துக்கேற்ப மருத்துவம் மாறும் என்பதால்தான் முதலில் சர்க்கரை பார்க்கிறார்கள்.

கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்த வலிப்பும் நிற்காது. வாயில் எதையும் ஊற்றாமல், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ராமேஸ்வரம் ஊரிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கிலோமீட்டருக்கு மேல். அதனால் ‘இன்னொரு தரம் வந்தால் பார்ப்போம்’ என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அசைவைப் போனில் வீடியோ எடுக்கட்டும். போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்றுவிட்டாலும், டாக்டர் அதைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவார்.