மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின்: இ.எஸ்.ஐ. பணமும் வேலைக்குத் திரும்புவதும்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சேலத்து ஸ்பின்னிங் மில், சேகோ ஆலை, கார்மென்ட்ஸ் எதுவானாலும் இதுதான் முதல் விஷயம். "உடம்பைப் பார்த்துக்கோம்மா, தேறினதும் வா, இப்போதைக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்று சூப்பர்வைசர் பரிவோடுதான் சொல்வார். ஆனால் நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்க, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் விதிகள் இடம் தருவதில்லை. அந்த நாட்களில் கொடுக்கும் நீக்க நோட்டீஸ் செல்லாது. நீங்களாக எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முதலில் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கே இது பொருந்தும். 10 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கொலுசுப் பட்டறைகள் இதில் வராது.

கிடைக்கும் பணம் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டம் சாதாரண நோய்க்கால உதவி: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. இதற்கு, அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரையிலும் பலன் தரும்.

91 நாள் தீர்ந்த பிறகு வருவது நீட்டித்த நோய்க்கால உதவி. நீண்டகால நோய்கள் 34 கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் அதில் உண்டு. இதில் 80 சதவீதம் கிடைக்கும். மருத்துவப் பரிந்துரையின்படி இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். தினக்கூலி சராசரி 500 ரூபாய் என்றால் முதல் கட்டத்தில் நாளுக்கு 350, இரண்டாவதில் 400. ஆனால் இதற்கு இரண்டு ஆண்டு தொடர் வேலையும், நான்கு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 156 நாள் பங்களிப்பும் வேண்டும்.

இங்கேதான் பலருக்கும் சிக்கல் வருகிறது. அதே மில்லில்தான் வேலை, ஆனால் கான்ட்ராக்டர் மாறியிருப்பார். புதியவர் பழைய எண்ணைக் கேட்காமல் புது இ.எஸ்.ஐ. எண் போட்டிருப்பார். கம்ப்யூட்டர் கணக்கில் நீங்கள் ஆறு மாத ஊழியராகத்தான் தெரிவீர்கள். பழைய 10 இலக்க எண், பழைய சம்பளச் சீட்டுகள், பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு பிராஞ்ச் ஆபீசுக்குப் போய் இரண்டு எண்ணையும் இணைக்கச் சொல்லி மனு கொடுங்கள். சிகிச்சைக்கு நடுவே அலைவது கொடுமை. நோய் தெரிந்த வாரத்திலேயே வீட்டில் ஒருவரை இதற்கென்று அனுப்பிவிடுவது நல்லது.

அடுத்தது, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான மருத்துவ சர்டிபிகேட். முதல் சர்டிபிகேட், இடைப்பட்டவை, கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற சர்டிபிகேட் எல்லாம் இ.எஸ்.ஐ. டாக்டர் தருவது. தேதிக்குத் தேதி ஒட்டி வர வேண்டும். நடுவில் நான்கு நாள் விட்டுப்போனால் அந்த நான்கு நாளுக்குப் பணம் இல்லை. வெளி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் இரண்டையும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் காட்டிப் பதிவு செய்யுங்கள். சிகிச்சைச் செலவையும் இ.எஸ்.ஐ. ஏற்க வேண்டுமென்றால், அவசரம் தவிர மற்றதற்கெல்லாம் ரெஃபரல் கடிதம் முன்னாலேயே கையில் இருக்க வேண்டும்.

சர்டிபிகேட்டில் இருக்கும் காலத்தில் வேறு கூலி வேலை கூடாது. வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோப்பதும் வேலைதான். சம்பளத்தோடு கூடிய லீவு எடுத்த நாளுக்கும் உதவித்தொகை வராது.

கீமோ நடக்கும்போதே வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண நோய்க்கால உதவியில் ஒவ்வொரு தடவையும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய் விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் அடுத்தது தொடங்கினால் மட்டும் அந்தக் கழிவு இல்லை. கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒன்று என்பதால், விடுப்பை ஓரிரு நாள் முன்னால் முடித்தாலே இடைவெளி 15 நாளைத் தாண்டி, இந்த இரண்டு நாள் கழிவு விழும். டாக்டரிடம் உங்கள் சோர்வை உள்ளபடி சொல்லுங்கள். மூன்று நாளில் எழுந்துவிட்டதாகப் பெருமைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பிப் போகும்போது இலகுவான வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று இ.எஸ்.ஐ. விதியில் இல்லை. அதனால் ‘ஓய்வுக்குப் பின் வேலைக்குத் தகுதி’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் தனிக் கடிதம் கேளுங்கள்: எந்தக் கை, எவ்வளவு எடை வரை, எத்தனை வாரத்துக்கு, நைட் ஷிஃப்ட் வேண்டுமா வேண்டாமா. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் வீக்கம் வரக்கூடும். கோன் பெட்டி தூக்குவது, ஒரே கையைத் தலைக்கு மேல் நீட்டி நூல் பிடிப்பது போன்றவற்றை எடுத்த எடுப்பில் முழு ஷிஃப்ட் செய்யாமல் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அந்தக் கையில் தீக்காயமோ வெட்டோ பட்டால் அன்றே காட்டுங்கள். வளையல் திடீரென்று இறுகினால் அது வீக்கத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மனசு விஷயம். பணம், சர்டிபிகேட் ஓட்டமெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பலருக்குத் தூக்கம் கெடுகிறது. கேன்டீனில் யாராவது உற்றுப் பார்த்தால் கண் கலங்கும், அடுத்த செக்கப் தேதி நெருங்கினால் வயிறு பிசையும். எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "ஆபரேஷன் ஆச்சு, இப்ப பரவாயில்லை அக்கா" என்பதோடு பேச்சை மாற்றலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் இது; இலவசம், 24 மணி நேரம், தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டரைப் பார்க்கப் போனால், புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் பராக்செடின், ஃபுளூக்செடின் போன்றவை அதன் வேலையைக் குறைக்கக்கூடும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்காது. அவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்: குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் வருடத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். இது ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். இழந்த கூலிக்கு ஒரு ரூபாயும் இதில் வராது. சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரி தரும் சலுகைப் படிவம் இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதத் தள்ளுபடி.

இ.எஸ்.ஐ. பணம் வராமல் இழுத்தடித்தால் 1800 11 2526 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லிவிட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு பிராஞ்ச் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். கொடுத்த மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.