கடத்தல்: மூட்டைக்கும் புள்ளைக்கும் ஒரே சொல்லா?

பொள்ளாச்சிய தாண்டி கேரள எல்லைல இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கற டீக்கடைல உக்காந்து பேப்பர விரிச்சீங்கன்னா பல நாள் ஒரே பக்கத்துல ரெண்டு செய்தி இருக்கும், "ரேஷன் அரிசி கடத்தல், வேன் பறிமுதல்"னு ஒண்ணு, அதுக்குக் கீழயே "சிறுமி கடத்தல், வாலிபர் கைது"னு இன்னொண்ணு. வருஷக்கணக்கா படிச்சும் எனக்கு உறுத்தவே இல்லீங்க. பாலக்காட்டுச் சித்தூர்ல கட்டிக்குடுத்த எங்க பெரியம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்பத்தான் உறைச்சுது.

அக்காவோட மாமியார் பொறந்தது குட்டநாட்டுப் பக்கம். சின்ன வயசுக் கதை சொல்லிட்டு இருந்தவங்க, "எங்க ஊர்ல கடத்து உண்டு, கடத்துக்காரன் வந்தாத்தான் நாங்க ஸ்கூலுக்குப் போக முடியும்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, மலையாளத்துல கடத்துன்னா தோணில ஆள ஏத்தி அக்கரைல விடறது, கடத்துவள்ளம்னா அந்தத் தோணி. திருட்டுச் சரக்குன்னா கள்ளக்கடத்து, மனுசங்கள விக்கறதுன்னா மனுஷ்யக்கடத்து, ஒரு ஆள வலுக்கட்டாயமா தூக்கிட்டுப் போனா தட்டிக்கொண்டுபோகல். கள்ளக்கடத்தல் நம்மகிட்டயும் இருக்கற சொல்தான், தலைப்புல இடம் பத்தாம "கள்ள"வ விட்டுட்டாங்க போல.

வேர்ச்சொல் கட, அதாவது தாண்டு. நட, நடத்து மாதிரி கட, கடத்து. நான் ஆத்தக் கடந்தேன்னா தன்வினை, உன்னக் கடத்தி விட்டேன்னா பிறவினை. கரண்ட்டக் கொண்டுபோற கம்பி மின்கடத்தி, வேலை செய்யாம இழுத்தடிச்சா நாளக் கடத்தறது. கடவுன்னா வழி, அதுலேர்ந்துதான் பாஸ்போர்ட்டுக்குக் கடவுச்சீட்டுன்னு பேரு வெச்சாங்க. எல்லையத் தாண்ட அனுமதி தர்ற சீட்டும் திருட்டுத்தனமா தாண்டி விடற தொழிலும் ஒரே வேர்ல முளைச்சது. அதனால சொல்லு மேல குத்தமே இல்ல.

ஆளயும் பொருளயும் பறிச்சிட்டுப் போற கொடுமைக்குப் பழந்தமிழ்ல இருந்த சொல் கவர்தல், வௌவுதல். ஆநிரை கவர்தல்னு வெட்சித்திணைல படிச்சிருப்பீங்க, அடுத்தவன் மாட்ட ஓட்டிட்டு வர்றது. மாட்டோட நிக்கல அது. பட்டினப்பாலைல கொண்டி மகளிர்னு வரும், கொண்டின்னா கொள்ளையில வந்த பொருள், பகைவர் நாட்டுலேர்ந்து பிடிச்சிட்டு வந்த பொம்பளைங்கன்னுதான் உரைகாரர் சொல்றாரு. அவங்க நீர்த்துறைல முழுகிட்டு வந்து அந்தி நேரத்துல பொதுமன்றத்துல நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு ஏத்தறாங்க, ஊர் சனம் வந்து கும்புடுது. காலேஜ்ல இதப் படிக்கறப்ப விளக்கு அழகு, பூ அழகுன்னு நோட்ஸ் எழுதிட்டுப் போயிட்டோம், விளக்கேத்தறவளுக்கு ஒரு வீடு இருந்துச்சே, அது என்னாச்சுன்னு கிளாஸ்ல ஒருத்தர் கூடக் கேக்கல, நானும் கேக்கல.

ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின கதைன்னு தள்ளவும் முடியல. 2014 ஆகஸ்ட்ல ஈராக்ல சிஞ்சார் பக்கம் யஸீதிங்கற சிறுபான்மைச் சமூகத்துப் பொண்ணுங்கள ஐஎஸ் (இஸ்லாமிக் ஸ்டேட்) கும்பல் ஆயிரக்கணக்குல பிடிச்சிட்டுப் போய் வித்துச்சு, அவங்களுக்கு அந்தக் கும்பல் வெச்ச பேரு சபாயா, போர்ல பிடிபட்ட பொண்ணுங்கன்னு அர்த்தம். கொண்டி மகளிர் அப்படியே அரபில. அதுலேர்ந்து தப்பி வந்த நாதியா முராத் 2018ல அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினாங்க.

இப்ப கிட்நாப்புக்கு வருவோம். இங்கிலீஷ்ல கிட்னா குழந்தை, நாப்னா வெடுக்குனு பறிக்கறது. பணம் கேட்டு மிரட்டறதுக்குப் பொறந்த சொல் இல்ல இது. 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துத் தெருவுல திரிஞ்ச புள்ளைங்களயும் ஏழைங்களயும் பிடிச்சு கப்பல்ல ஏத்தி அமெரிக்கக் காலனிகளுக்குத் தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பினாங்க, அப்படிப் பிடிக்கற ஆளுக்கு வந்த பேருலேர்ந்து வளர்ந்தது. ஆக அந்தச் சொல்லுக்குள்ள மொதல்ல இருந்ததே கூலி இல்லாத வேலை.

கிர்கிஸ்தான்ல பொண்ணத் தூக்கிட்டுப் போய்க் கட்டாயக் கல்யாணம் பண்றத அலா கச்சுன்னு சொல்லுவாங்க, "எடுத்துட்டு ஓடு"ன்னு அர்த்தம். ரோட்டுல போற பொண்ணக் கார்ல இழுத்துப் போட்டு பையன் வீட்டுக்குக் கொண்டு போவாங்க, அங்க இருக்கற கெழவிங்க அவ தலைல வெள்ளைத் துணியக் கட்டப் பாப்பாங்க, ஒரு ராத்திரி தங்கிட்டா மானம் போச்சுன்னு பல வீட்டுல பெத்தவங்களே திரும்பச் சேத்துக்க மாட்டாங்க. சட்டப்படி குத்தம், 2013ல தண்டனையக் கூட்டியும் நிக்கல, 2021ல தலைநகர் பிஷ்கெக்ல இப்படித் தூக்கிட்டுப் போன ஒரு பொண்ணு கொல்லப்பட்டப்ப சனம் ரோட்டுக்கு வந்துச்சு. இதக் கேட்டு முகம் சுளிக்கற நம்ம பசங்கதான் "பொண்ணத் தூக்கிரலாம் மச்சான்"னு பேசறாங்க. மனசொத்து ரெண்டு பேரும் கெளம்பிப் போனா அதுக்கு உடன்போக்குன்னு கௌரவமான சொல் சங்க காலத்துலேர்ந்து இருக்கு. பொண்ணோட சம்மதம் இருக்கறதுக்கும் இல்லாததுக்கும் சேத்துத் "தூக்கறது"ன்னு ஒரே வார்த்தயப் போட்டா அவ சம்மதம் எங்க இருக்கு? (18 முடியாத புள்ளைன்னா கதை வேற, புள்ளையே சரின்னாலும் காப்பாளர் சம்மதம் இல்லாமக் கூட்டிட்டுப் போனா சட்டத்துல அது கடத்தல்தான்.)

பொய்யா வெச்ச பேரும் உண்டு. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ்னு பல நாட்டுப் பொண்ணுங்கள அடைச்சு வெச்சு "ஆறுதல் மகளிர்"னு கூப்பிட்டுச்சு. நெறைய பேர "ஃபேக்டரில வேலை"ன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. 1991ல கொரியாவுல கிம் ஹாக்-சுன்ங்கற அம்மா நடந்ததப் பொதுவுல சொல்ற வரைக்கும் ஊமையா இருந்த விசயம் அது.

"வேலை வாங்கித் தர்றேன்"கறதுதான் நாம கவனிக்க வேண்டிய எடம். மனுசங்கள வெச்சு நடக்கற இந்தத் தொழில இங்கிலீஷ்ல டிராபிக்கிங்னு சொல்றாங்களே, அந்தச் சொல் வியாபாரத்துலேர்ந்து வந்தது. 2000ல ஐ.நா. போட்ட ஒப்பந்தம் அத மூணாப் பிரிக்குது, என்ன செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்க. ஆளச் சேக்கறது, கொண்டு போறது, ஒளிச்சு வெக்கறது எல்லாம் மொதல்ல வரும், மிரட்டல், ஏமாத்து, நெருக்கடியப் பயன்படுத்தறது ரெண்டாவது, சுரண்டல் மூணாவது. 18 வயசுக்குள்ளன்னா ரெண்டாவதக் காட்டவே வேண்டாம். நம்ம நாட்டுல 2013ல இந்திய தண்டனைச் சட்டத்தோட 370ஆம் பிரிவத் திருத்தி இதக் கொண்டு வந்தாங்க, 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 143ஆம் பிரிவு. "அவ இஷ்டப்பட்டுத்தான் வந்தா"ங்கற பேச்சு அதுல எடுபடாது.

இவ்வளவையும் ஆள்கடத்தல்னு மொழிபெயர்த்தா வியாபாரம் காணாமப் போயி தாண்டறது மட்டும்தான் நிக்குது. ஆனா பல நேரம் எந்த எல்லையும் தாண்டறதில்ல, பக்கத்து தாலுக்காவுலயே இருப்பாங்க. அதனால என் கணக்கு இதுதான், தூக்கிட்டுப் போனா, ஏமாத்திக் கூட்டிட்டுப் போனா ஆள்கடத்தல்னு எழுதலாம், உழைப்புக்கோ உடம்புக்கோ வெல வெச்சுச் சுரண்டினா மனித வணிகம்னே எழுதணும். அப்பத்தான் வாங்கினவன் யாரு, வித்தவன் யாருங்கற கேள்வி வரும்.

"புள்ள புடிக்கறவன்"கற சொல்லும் நம்மள ஏமாத்துது. அதுல வர்றது எப்பவும் வெளியூர்க்காரன், கையில சாக்கு. 2018 மே மாசம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மா அங்க இருந்த புள்ளைங்களுக்குச் சாக்லேட் குடுத்தாங்கன்னு ஊரே அடிச்சுக் கொன்னுச்சு. வாட்ஸ்அப்ல வந்த புரளிய நம்பி.

எங்க ஊருக்கு சாக்கோட யாரும் வரல. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்கதான் வந்தாங்க, கையில மல்லிப்பூ, ஒரு கிலோ ஜாங்கிரி. நான் எட்டாவது படிக்கறப்ப பக்கத்து பெஞ்ச்சுப் புள்ளையோட அம்மாகிட்ட, மூணு வருசம் மில்லுல இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை வந்துரும், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீன்னாங்க, கையில அட்வான்ஸும் குடுத்தாங்க. இந்த ஏற்பாட்டுக்கு சுமங்கலித் திட்டம்னு பேரு, கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லுங்கள்ல ரொம்ப நாள் நடந்தது, அந்தப் பேரையும் பாருங்க. அவ தகரப் பொட்டியோட வேன்ல ஏறினத நாங்க வேடிக்கை பாத்தோம். ஃபோன் பேச விடல, பொங்கலுக்கு மட்டும் அனுப்பினாங்க, ரெண்டாவது வருசம் நெஞ்சுல பஞ்சு கட்டி இருமலோட திரும்பி வந்தா, மூணு வருசம் முடியலன்னு தொகையும் இல்ல.

அந்த வருசம் அட்டெண்டன்ஸ்ல அவ பேருக்கு நேரா செவப்பு மையில ஒரு கோடு இழுத்து டீச்சர் எழுதினது: இடைநிற்றல்.