ரூட்டா, டிராக்கா? ஜிபிஎஸ் கருவியில் பாதை ஏற்றுவோர் கவனத்துக்கு

கூகுள் மேப்ஸில் பார்த்த வழியைக் கையடக்க ஜிபிஎஸ் கருவிக்கு அப்படியே அனுப்ப முடியாது. ‘பகிர்’ அழுத்தினால் வருவது வெறும் இணைப்பு. சிக்னல் இல்லாத காட்டில் அது உதவாது. கார்மின் ஈட்ரெக்ஸ் போன்ற கருவிகளுக்குப் பாதையின் புள்ளிகளைப் பதிந்து வைக்கும் ஜிபிஎக்ஸ் (GPX) கோப்புதான் வேண்டும்.

நாமே வரைபடம் உருவாக்க உதவும் கூகுளின் மை மேப்ஸில் பாதையை வரைந்தால் கேஎம்எல் (KML) என்ற வரைபடக் கோப்பாக இறக்கலாம். அப்போது ‘நெட்வொர்க் லிங்க்’ என்றொரு தெரிவு வரும். அதைத் தொடாதீர்கள், தொட்டால் கோப்பில் பாதைக்குப் பதில் ஓர் இணைய முகவரிதான் இருக்கும். கிடைத்த கேஎம்எல்லை ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருளில் ஜிபிஎக்ஸாக மாற்றிக்கொள்ளலாம். ஒற்றையடிப் பாதைகளுக்கு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்தநிலை வரைபடத்தை வைத்து இயங்கும் பிரௌட்டர் தளம் இன்னும் நல்லது. அங்கே ஜிபிஎக்ஸ் நேரடியாகவே கிடைக்கும்.

பெரும்பாலானோர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். ஜிபிஎக்ஸுக்குள் பாதையை ரூட்டாகவும் வைக்கலாம், டிராக்காகவும் வைக்கலாம். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டுமே. இடைப்பட்ட வழியைக் கருவி தன்னிடமுள்ள வரைபடத்தைக் கொண்டு தானே கணக்கிடும். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் பாதையை நாலைந்து புள்ளிகளில் ரூட்டாக ஏற்றினால், கார் பயண அமைப்பில் உள்ள கருவி போடிமெட்டு, மூணாறு என்று தார்ச்சாலையில் சுற்றிவரச் சொல்லும். (அங்கே மலையேற வனத்துறை அனுமதி கட்டாயம், கையில் ஜிபிஎஸ் இருப்பது அனுமதி ஆகாது.) டிராக் அப்படியல்ல. நெருக்கமான பல புள்ளிகளால் ஆன கோடு வரைந்தபடியே திரையில் நிற்கும், கருவி அதை மாற்றாது. புள்ளிக் கணக்கும் டிராக்குக்கே சாதகம்: ஈட்ரெக்ஸ் 20, 30 மாடல்களில் ரூட்டுக்கு 250 புள்ளிகள்தான், டிராக்குக்கு 10,000 வரை. ஆகவே மலையேற்றத்துக்கு எப்போதும் டிராக்காகவே ஏற்றுங்கள். ரூட்தான் வேண்டுமென்றால் ரூட்டிங் அமைப்பை, புள்ளிகளை நேர்கோட்டில் இணைக்கும் ‘டைரக்ட் ரூட்டிங்’ என்று மாற்றிவிடுங்கள்.

கணினியில் இணைத்தும் கருவி தெரியவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவு போகாது. தெரிந்ததும், கார்மின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் கோப்பைப் போடுங்கள். வெளியே போட்டால் கருவி அதைக் கண்டுகொள்ளாது.

‘எஜெக்ட்’ கொடுக்காமல் கேபிளைப் பிடுங்காதீர்கள். பாதி எழுதப்பட்ட கோப்பால் சில கருவிகள் ஆன் ஆகும்போதே உறைந்துவிடும். கணினியில் மீண்டும் இணைத்து அந்தக் கோப்பை நீக்கினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் காட்டுக்குள் கணினிக்கு எங்கே போவது?

புறப்படும் முன் வீட்டிலேயே, கருவியில் உள்ள டிராக்குகளைக் காட்டும் டிராக் மேனேஜரைத் திறந்து, கோட்டை வரைபடத்தில் பாருங்கள். கேஎம்எல் தீர்க்கரேகையை முதலில் எழுதும். ஜிபிஎக்ஸில் அட்சரேகை முதலில் வருவதே வழக்கம். எண்களைக் கையால் திருத்துவோர் இங்கே மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். கொடைக்கானலின் 10.24, 77.49 இடம் மாறினால் புள்ளி ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் விழும். திரையில் கோடே காணோம் என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.