கடைசி வரிசைக்கும் கேட்கும் பேச்சு

1739ஆம் ஆண்டு ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மதபோதகர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நீதிமன்றப் படிக்கட்டின் உச்சியில் நின்று பேசினார். கூட்டத்தில் அந்நகரத்து அச்சகக்காரரும் பின்னாளில் அறிவியலாளருமான பெஞ்சமின் பிராங்க்ளினும் இருந்தார். ஒலிபெருக்கி இல்லாத மனிதக் குரல் எத்தனை பேருக்கு எட்டும் என்று அவர் அங்கேயே அளந்து பார்த்தார். தெருவின் இரைச்சல் பேச்சை மறைக்கும் இடம் வரை பின்னோக்கி நடந்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து ஓர் அரைவட்டம் போட்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று வகுத்தார். முப்பதாயிரத்துக்கும் மேல் வந்தது.

கணக்கு பொய்யில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) குறையும். பழகிய பேச்சாளர் உரக்கப் பேசினால் ஒரு மீட்டரில் ஏறக்குறைய 90 டெசிபல். 64 மீட்டருக்குப் போவதற்குள் தூரம் ஆறு முறை இரட்டிக்கிறது, 36 டெசிபல் போய்விடுகிறது, மிச்சம் 54. 64 மீட்டரை ஆரமாக வைத்த அரைவட்டத்தின் பரப்பு சுமார் 6,400 சதுர மீட்டர். பிராங்க்ளின் கணக்கில் 34,000 பேர். ஆனால் ஆளுக்கு இரண்டு சதுர அடி என்பது கடும் நெரிசல். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 13,000 பேர் கேட்கலாம். அதுவும் கூட்டம் மூச்சுக் காட்டாமல் இருந்தால்தான். சொல் விளங்க வேண்டுமானால் பேச்சு இரைச்சலைவிட 10 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும்.

1907இல் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியதும், மறு ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசியதும் இப்படித்தான்: தொண்டையும் காற்றும் மட்டும். மேடைப் பேச்சின் அழகு என்று நாம் கொண்டாடும் அடுக்குமொழி, இடைநிறுத்தம், திரும்பத் திரும்ப வரும் தொடக்கம் ஆகியவற்றில் பெரும்பகுதி, தூரத்தில் நிற்பவரின் காதில் சொல் சேர வேண்டும் என்ற கட்டாயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவது தற்செயல் அல்ல. அவை வேலை செய்யும் உறுப்புகள்.

முதலில் காதுக்கு என்ன போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். பேச்சின் பலத்தில் பெரும்பகுதி உயிரெழுத்துகளில் இருக்கிறது. அது பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) கீழே. பொருளைப் பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்துகள். அவற்றின் அடையாளம் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை சிதறிக் கிடக்கிறது, பலமும் குறைவு. இரைச்சலில் முதலில் மூழ்குவது இவைதான். ‘குரல் கேட்குது, என்ன சொல்றார்னு புரியலை’ என்று பின்வரிசைக்காரர் சொல்வதன் காரணம் இதுவே. அங்கே ஒலியைக் கூட்டுவதால் பயன் கொஞ்சம்தான். உயிரெழுத்து இன்னும் பெரிதாகும், மெய்யெழுத்து அதன் அடியில் இன்னும் புதையும். மேடையில் பேசுபவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பினாலும் இதே இழப்பு வரும். உயர்ந்த அதிர்வெண்கள் வாய் பார்க்கும் திசையில்தான் அதிகம் போகின்றன.

விடுபட்டதை மூளை நிரப்பிக்கொள்ளும் என்பது பேச்சாளருக்குக் கிடைத்த பெரிய துணை. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த எழுத்தும் குறையவில்லை என்றார்கள். வெட்டிய இடத்தை வெறும் மௌனமாக விட்டால் குறை தெரிந்துவிட்டது. அதாவது, அடுத்து வரப்போவது என்ன என்று மூளைக்கு ஓர் ஊகம் இருந்தால், இரைச்சலுக்கு நடுவிலும் அது சொல்லைத் தானே கட்டிக்கொள்ளும். ஊகத்துக்கு வழி வைத்துப் பேசுபவர் இரைச்சலை வெல்கிறார்.

அண்ணா சொன்னதாக மக்கள் நாவில் பல வடிவங்களில் வழங்கும் ஒரு வரியை இந்தக் கண்ணோடு பாருங்கள்: ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களைத் தழுவுவதோ நித்திரை, மறவாது இடுவீர் உதயசூரியனுக்கு முத்திரை.’ சித், பத், நித், முத்: நான்கிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து ‘த்’. சுத்தமான எதுகை. மாதமோ, மணியோ, மறவாது என்று தொடக்கத்தில் மோனை. முதல் மூன்று துண்டுகளிலும் ஓகாரம் கேள்விபோல் தூக்கி நிறுத்துகிறது, உடனே விடை விழுகிறது. இரண்டாவது துண்டு முடியும்போதே கேட்பவருக்கு அச்சு பிடிபட்டுவிடும். மூன்றாவது அதை உறுதிசெய்யும். நான்காவதில் ஓகாரம் இல்லை, நடை மாறுகிறது, ஆகவே முடிவு வந்துவிட்டது என்று தெரிகிறது. ‘உதயசூரியனுக்கு’ என்று வந்ததும் ‘முத்திரை’ என்ற சொல் பேச்சாளர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே கூட்டத்தின் வாயில் இருக்கும். கடைசி வரிசையில் ‘மு’ மட்டும் கேட்டிருந்தாலும் போதும்.

இரவு பத்தரைக்குத் தூங்கி வழியும் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுமானம் கிடைப்பது அரிது. (இன்று அந்த நேரத்தில் இதைச் சொல்ல முடியாது, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும்.)

கைதட்டலின் கணக்கும் இதே ஊகத்தில்தான் நிற்கிறது. தனியாகத் தட்டி மாட்டிக்கொள்ள எவருக்கும் மனம் வராது. எல்லோரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டுமானால், வரி எங்கே முடியும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். பிரிட்டனில் ஜான் ஹெரிட்டேஜ், டேவிட் கிரேட்பேட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டுக் கட்சி மாநாடுகளின் 476 உரைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். கைதட்டல்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், எதிரெதிராக நிறுத்துவது, மூன்றாக அடுக்குவது, புதிர் போட்டு விடை சொல்வது போன்ற ஏழே உத்திகளை ஒட்டி வந்தன. இயல்பான கைதட்டல் ஏறத்தாழ 8 விநாடி நீடிக்கும் என்பது மேடைப் பேச்சை ஆராய்ந்த மேக்ஸ் அட்கின்சன் கண்டது. முழு வேகத்தில் இருக்கும்போது அதன்மேல் பேசுவது வீண். அது தணிந்து இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுத்தால், சொல் வீணாகாது, சூடும் ஆறாது.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சாதகமும் ஒரு தனி ஆபத்தும் உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். அது விழுந்ததும் வரி முடிந்தது என்பது எல்லோருக்கும் ஒரே கணத்தில் தெரியும். கைதட்டலுக்கு இதைவிடத் தெளிவான சைகை வேண்டாம். ஆபத்தும் அதே இடத்தில். ‘இந்த விலையேற்றத்தை ஏழை எளிய மக்கள் ஒருநாளும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்’ என்பதில் முழுப் பொருளும் கடைசிச் சொல்லில் தொங்குகிறது. அந்த இடத்தில்தான் மூச்சும் தீர்ந்துபோயிருக்கும். காற்றழுத்தம் இறங்கினால் குரல் தாழும், ‘மாட்டார்கள்’ முணுமுணுப்பாகிவிடும், பின்வரிசைக்கு ‘ஏற்றுக்கொள்ள’ வரைதான் போய்ச் சேரும். புதிதாக மேடை ஏறுபவர்களிடம் நான் முதலில் கவனிப்பது இந்த வால் விழுவதைத்தான்.

திருத்தும் வழி நுரையீரலில் இருக்கிறது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று. ஆழமாக இழுத்து முழுக்க விட்டால் நாலைந்து லிட்டர். சாதாரணப் பேச்சுக்குக் குரல்நாண்களுக்குக் கீழே 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அளவு அழுத்தம் போதும். மேடைக்கு அது இரட்டிக்கும். இந்த அழுத்தத்தை வரியின் கடைசி வரை சமமாக வைத்திருக்க வயிறும் விலா எலும்புகளும் வேலை செய்ய வேண்டும். தோளைத் தூக்கி மேல்மூச்சு வாங்கினால் கழுத்துத் தசைகள் இறுகும், குரல்வளை மேலே ஏறும், குரல் கீச்சிடும். பயிற்சி எளிது: ஒரு கையை வயிற்றில் வைத்து, கை வெளியே தள்ளப்படும்படி மூச்சிழுத்து, ‘ஸ்ஸ்’ என்று 20 விநாடி ஒரே அளவில் விடவும். கடைசி 5 விநாடியில் சத்தம் நடுங்கினால் இன்னும் பழக வேண்டும். பிறகு வாக்கியங்களை 3, 4 விநாடிக்குள் முடியும்படி வெட்டவும். வெட்ட முடியாத நீள வாக்கியத்தில் வினைமுற்றுக்கு முன்னால் அரை விநாடி நின்று, ஒரு சிறு மூச்சு எடுத்து, அதைப் புதுச் சொல்லாகத் தூக்கிப் போடவும். அந்த நிறுத்தம் எதிர்பார்ப்பையும் கூட்டும்.

அண்ணா தலைமுறையின் செந்தமிழ் நடைக்கும் இந்தக் காது வசதி உண்டு. ‘வந்திருக்காங்க’ என்பதைவிட ‘வந்திருக்கிறார்கள்’ என்பதில் பற்றிக்கொள்ளக் கூடுதல் மெய்யெழுத்துகள் உள்ளன. ஆனால் செந்தமிழ்தான் ஒரே வழி என்று சொன்னால் அது பிழை. பெரியார் பேச்சுத் தமிழிலேயே மணிக்கணக்கில் கூட்டத்தை நிறுத்திவைத்தார். எதுகை மோனை இல்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டு அவரே விடை சொல்வது, ஒரே கருத்தை வேறு வேறு உதாரணத்தில் திரும்பச் சொல்வது. ஊகத்துக்கான வழி அங்கேயும் இருந்தது, வேறு கதவு வழியாக.

வேகம் பற்றி: நிமிடத்துக்கு 130 சொல் என்ற ஆங்கிலக் கணக்கு தமிழுக்கு உதவாது, நம் சொற்கள் நீளம். அசைகளை எண்ணுங்கள் (யாப்பின் அசை அல்ல, உச்சரிப்பின் அசை: ‘வ-ணக்-கம்’ என்பதில் மூன்று). திறந்தவெளியில் விநாடிக்கு மூன்று, நான்கு அசைக்கு மேல் போகவேண்டாம். காரணம் ஒலியின் வேகம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 349 மீட்டர் போகும். தெரு நெடுக 100 மீட்டருக்கு ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள் என்றால், மின்கம்பியில் சொல் எல்லாக் கூம்புகளுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். காற்றில் வருவது பிந்தும். ஒரு கூம்பிலிருந்து 20 மீட்டரிலும் மற்றதிலிருந்து 80 மீட்டரிலும் நிற்பவருக்கு இடைவெளி 0.17 விநாடி. 0.03 விநாடிக்குள் வரும் இரண்டு ஒலிகளைக் காது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் என்று 1949இல் ஹெல்முட் ஹாஸ் காட்டினார், 0.05ஐத் தாண்டினால் எதிரொலியாகிவிடும். வேகமாகப் பேசினால் ஒரு அசையின்மேல் முந்தைய அசை ஏறி உட்காரும். மைக்செட்காரரிடம் தாமதக் கருவி இருந்தால் தூரத்து ஸ்பீக்கரை மீட்டருக்கு 2.9 மில்லிவிநாடி வீதம் பிந்தவைத்து, அதற்குமேல் 10 மில்லிவிநாடி சேர்க்கச் சொல்லலாம். ஒலி மேடையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். இல்லையென்றால் பேச்சாளரின் நிதானம் மட்டுமே மருந்து. ஆம்ப்ளிஃபயரில் ‘எக்கோ’ குமிழ் திறந்திருந்தால் பேசத் தொடங்குமுன் முழுக்க மூடச் சொல்லுங்கள். பாட்டுக்கு அழகு சேர்க்கும் அது மெய்யெழுத்துகளைக் கொன்றுவிடும்.

மண்டபத்தில் சிக்கல் வேறு. 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் ஆராயத் தொடங்கிய விரிவுரை அரங்கில் ஒரு சொல்லின் முழக்கம் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்து அவர் கண்ட சூத்திரம் இன்றும் போதும்: கன அளவை 0.16ஆல் பெருக்கி, அறை விழுங்கும் ஒலியின் அளவால் வகுக்க வேண்டும். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம் உள்ள கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். டைல்ஸ் தரை, பூசிய சுவர். காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 6 விநாடி முழங்கும். 500 பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடலும் உடையும் ஒலியை விழுங்கி, முழக்கம் ஒன்றரை விநாடிக்கு இறங்கும். நூறு பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்றரைக்கு மேல். ஆகவே காலி மண்டபத்தில் ‘ஹலோ, மைக் டெஸ்ட்டிங்’ சொல்லிச் சரிசெய்த அளவு கூட்டம் நிறைந்ததும் பொருந்தாது. கூட்டம் குறைவாக இருந்தால் எல்லோரையும் முன்னால் அழைத்து உட்காரவைத்து, ஒலியைக் குறைத்து, மெதுவாகப் பேசுவதே சரி.

மைக்கில் நடக்கும் தவறுகள் சில திரும்பத் திரும்ப வருபவை. வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக. ஒட்டி வைத்தால் அடிக்குரல் வீங்கும், ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். தூரம் இரட்டித்தால் இங்கேயும் 6 டெசிபல் போகும். தாளைப் பார்க்கக் குனியும்போது குரல் மறைவது அதனால்தான். மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் அதன் பின்பக்கத் துளைகள் அடைபட்டு, எல்லாத் திசை ஒலியையும் வாங்கத் தொடங்கும். ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குள் போய்ச் சுற்றி ஊளையிடும்.

பேசப்போகுமுன் தொண்டையைக் கனைக்க வேண்டாம். குரல்நாண்கள் ஒன்றோடொன்று அறைந்துகொள்ளும். ஆண் குரலில் அவை விநாடிக்கு 100 முறைக்கு மேலும், பெண் குரலில் 200 முறை அளவிலும் மோதுகின்றன. ஒரு மணி நேரப் பேச்சில் பல லட்சம் மோதல்கள். ஒரு ஸ்ட்ராவை டம்ளர் தண்ணீரில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, குமிழி விட்டபடியே ‘ஊ’ என்று தாழ்ந்த சுரத்திலிருந்து மேலே ஏறி இறங்கவும். ஐந்து நிமிடம் போதும். வாய்க்குள் எழும் எதிரழுத்தம் நாண்களைச் சற்றே பிரித்து வைத்து மோதலை மென்மையாக்கும். பயத்தில் நெஞ்சு படபடப்பது பொதுவாக முதல் சில நிமிடங்களில்தான் உச்சம், பிறகு தானே இறங்கும். அதனால் முதல் இரண்டு நிமிடப் பேச்சை மட்டும் வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

குறிப்புத்தாளையும் மூச்சுக்கு ஏற்ப எழுதலாம். பிரிட்டன் பிரதமராக இருந்த சர்ச்சிலின் உரைகள் பத்திகளாக அல்லாமல், கவிதைபோல் உடைத்த வரிகளாகத் தட்டச்சு செய்யப்பட்டன. நீங்களும் அப்படி உடைத்து எழுதுங்கள்: ஒரு வரிக்கு ஒரு மூச்சு, எழுத்து பெரிதாக, வினைமுற்றின் கீழே ஒரு கோடு. தாளின் மேல் பாதியில் மட்டும் எழுதுங்கள். கண் கீழே இறங்காது, தலை குனியாது, வாய் மைக்கை விட்டு விலகாது.