போட்டுக் கண்ணாடியில் வெள்ளை வளையம்

கன்னியாகுமரி பக்கத்துச் சின்னமுட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “எங்க போட்டு வீல் ஹவுஸ் (படகில் சுக்கான் பிடிக்கும் அறை) கண்ணாடியில வட்டவட்டமா வெள்ளைக் கறை. கரைக்கு வந்ததும் போர் தண்ணியில கழுவத்தான் செய்யோம். ஈரத்துணி வச்சுத் துடைச்சா மறையுது, காஞ்சதும் அதே இடத்துல வந்து நிக்குது. கடலுப்புன்னா கரையணும்லா?”

சரியான சந்தேகம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 360 கிராம் சமையல் உப்பு கரையும். கடலுப்பாக இருந்தால் முதல் வாளியிலேயே போயிருக்கும். இது கால்சியம் கார்பனேட். லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான் கரையும். கழுவுகிற போர் தண்ணீரே அதைக் கொண்டு வருகிறது. கடின நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். நீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கார்பனேட் கண்ணாடியில் படியும். பள்ளியில் படித்ததுதான், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் தினமும் பார்ப்பதும்தான்.

ஈரத்தில் மறைவதற்குக் காரணம், படிகங்களுக்கு இடையிலுள்ள காற்று இடுக்குகளில் தண்ணீர் புகுந்து, ஒளி சிதறுவது குறைந்துவிடுவது. கறை போகவில்லை, நம் கண்ணுக்குத் தப்புகிறது, அவ்வளவே.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வேறு. கறை ஏன் வளையமாக இருக்கிறது? துளி முழுக்க ஒரே தண்ணீர்தானே, வெள்ளை ஏன் ஓரத்தில் மட்டும் தடித்து நிற்கிறது? மேசையில் சிந்திக் காய்ந்த கட்டன் காப்பியைப் பாருங்கள். நடுவில் வெளிறி, ஓரத்தில் கறுத்த கோடு. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு நேச்சர் இதழில் விளக்கம் தந்தார்கள்.

துளியின் விளிம்பு கண்ணாடியின் நுண்ணிய மேடுபள்ளத்திலும் தூசியிலும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் காயும்போது துளி உள்நோக்கிச் சுருங்க முடியாது, உயரம்தான் குறையும். நடுவிலிருந்து கிளம்பும் நீராவிக்குச் சுற்றிலும் நீராவி நெரிசல். விளிம்பிலிருந்து கிளம்புவதற்கோ ஒரு பக்கம் திறந்த வெளி. ஆகவே விளிம்பில் தண்ணீர் வேகமாகக் குறைகிறது. ஆனால் விளிம்பு நகரக்கூடாதே? குறைந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு துளிக்குள் இப்படி ஓர் ஓட்டம்! அந்த ஓட்டம் கால்சியத்தையும் சுமந்து போய் ஓரத்தில் இறக்குகிறது. முதல் படிகம் அங்கே முளைத்ததும் விளிம்பு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள் கழுவும்போது வேறு துளி, வேறு வளையம், ஒன்றன்மேல் ஒன்றாக.

காப்பிக் கறையை ஆராயவெல்லாம் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்க்ஜெட் அச்சில் மைத்துளி எப்படிக் காய வேண்டும் என்று யோசிப்பவர்களுக்கு இன்று இந்த அறிவு இல்லாமல் முடியாது. சின்னக் கேள்விகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அப்புறம், கறையை எடுப்பது. முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பையும் மணலையும் கழுவுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு வெள்ளை வினிகர். செங்குத்துக் கண்ணாடியில் ஊற்றினால் வழிந்துவிடும். பருத்தித் துணியை நனைத்து ஒட்டி, காயவிடாமல் கால் மணி நேரம் வையுங்கள். அசிட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் அசிட்டேட் ஆக்கும். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் பொடிப்பொடியாகக் குமிழ் தெரியும். குத்துவிளக்கு துலக்கும் புளி இங்கே அவ்வளவு உதவாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் எளிதில் கரையாத இன்னொரு உப்புதான் உண்டாகும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும் சேரக்கூடாது. குளோரின் வாயு வரும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டிருந்தால் அம்மோனியா கலந்த திரவமும் நார்த்தேய்ப்பானும் ஆகாது.

குழாயில் காந்தம் மாட்டினால் தண்ணீர் மென்மையாகிவிடும் என்று விற்கிறார்கள். காந்தம் கால்சியத்தை எடுத்துவிடுவதில்லை. தண்ணீரில் அது இருக்கும்வரை துளி காய்ந்தால் கறைதான். அந்தப் பணத்துக்கு எத்தனையோ பாட்டில் வினிகர் வாங்கலாம்.

வினிகருக்குப் பிறகும் மங்கல் மிச்சமிருந்தால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. ஈரம் நெடுநாள் தங்கும்போது கண்ணாடியிலிருந்து சோடியம் கசிந்து அந்த ஈரத்தைக் காரமாக்குகிறது; காரம் சிலிக்காவைத் தின்கிறது. அப்போது சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றத்தான் வேண்டும். இரவில் எதிரே வரும் போட்டின் விளக்கு அந்த மங்கலில் பட்டுச் சிதறினால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் போதும், அதில் கால்சியம் அநேகமாக இருக்காது. நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே. ஒரு வாளி பிடித்து மூடி வையுங்கள். அலசியதும் துளி நிற்காமல் உடனே துடைத்துவிடுங்கள்.